கண்ணீர் செல்லும் வழி

நோன்பாளி சுருமா இட்டால் அதன் சுவை தொண்டையில் தென்படுவதுண்டு. அதனால் நோன்பு முறியுமா? இவ்வினா ஃபிக்ஹு அறிஞர்களைக் கண்ணின் அமைப்பையே ஆராயச் செய்தது. கண்ணுக்கும் மூளைக்குமிடையே வழியில்லை, கண்ணீர் வியர்வைபோல் கசிவதே என்று கண்ட 'ஹிதாயா' ஆசிரியர் மர்கீனானி (மறைவு 1197), நோன்பு முறியாதென்றார். ஷாஃபிஈகளும் முறியாதென்றனர். மாலிகீகளோ, தொண்டையை அடைந்தால் முறியுமென்றனர்.

மருத்துவர் கண்டது வேறு. கண்ணின் மூக்கோர மூலையில் சீழ்கட்டும் புரையை அரபு மருத்துவர் 'கரப்' என்றனர். அந்தலூஸின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி தம் 'தஸ்ரீஃப்' நூலில் அதனைச் சூட்டுக்கோலால் சுடவும், ஆறாவிடின் எலும்பைத் துளைத்து மூக்குக்கு வழி திறக்கவும் கூறினார். 1904இல் இத்தாலியர் தோத்தி வகுத்த அறுவையும் எலும்பை நீக்கி மூக்குக்கு வழி அமைப்பதே.

இமையோரத்தில் மேலும் கீழுமாக இரு நுண்துளைகள் உள்ளன. இமைக்குந்தோறும் கண்ணீர் அவற்றில் புகுந்து, நுண்குழல்கள் வழியே கண்ணீர்ப்பையை அடைந்து, அங்கிருந்து குழாய்வழி மூக்கினுள் இறங்குகிறது. அழுபவருக்கு மூக்கொழுகுவதும், சுருமா தொண்டையில் சுவைப்பதும் இதனாலேயே.

ஆக, வழி உண்டென்பது உறுதியாயிற்று. எனினும் 1997இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹுப் பேரவை, தொண்டைக்கு வந்ததை விழுங்காதிருப்பின் கண் சொட்டுமருந்து நோன்பை முறிக்காதென முடிவுசெய்தது. முன்னோர் கூறிய காரணத்தை உடற்கூற்றியல் திருத்தியது. அவர்களது தீர்ப்போ நிலைத்தது. மார்க்கக் கல்வி பயில்வோர் உடற்கூற்றியலையும் கற்பது எத்துணைத் தேவை என்பதற்கு இஃதொரு சான்றாகும்.