வரைபடத்தில் இருந்த மலை

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து லயங்கள் மேல மலை சரிஞ்சது. யாருக்கும் தெரியாத ஆபத்தா அது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலேயே பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு அபாய வரைபடம் போடத் தொடங்கிவிட்டது. 2005இலும் 2011இலும் இந்த இடத்தைப் பற்றியே எச்சரித்தது.

ஆனா வரைபடம் அங்கே, காணி அரசிடம், குத்தகை கம்பெனியிடம், ஆள்கணக்கு தோட்டத்துச் செக்ரோலில். இவற்றை ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுதான் புவியியல் தகவல் முறைமையின் வேலை. அப்படி அடுக்காததால், எந்தக் காம்பராவில் எத்தனை பேர் என்று அன்றைக்கு உடனே சொல்ல ஆளில்லை. காணாமற்போனவர்கள் நூற்றுக்கு மேல் என்றார்கள். பிறகு கணக்கு 40க்கும் கீழே இறங்கியது.

மென்பொருள் வாங்கினால் மட்டும் இது தீராது என்றே நினைக்கிறோம். செக்ரோலில் வேலைக்குப் போறவங்க பேர்தான் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளையும் வேலையை விட்ட பாட்டியும் அதில் இல்லை.