மருதம்பட்டையும் தன்வந்திரி மகாலும்

மன்னார்குடியைச் சூழ்ந்த நெல்வயல் நாட்டில் ஆற்றோரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் ஓங்கி வளரும் மருதமரம், திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமிக்கு ஸ்தல விருக்ஷமாய் விளங்குவது மட்டுமன்றி, இருதய ரோகத்திற்கு ஔஷதமாகவும் நெடுங்காலம் போற்றப்பட்டு வந்திருக்கிறது. வெளியே சாம்பல் பூத்த வெண்மையும் உள்ளே இளஞ்சிவப்பும் உடைய அதன் பட்டையை நாவில் வைத்தால் துவர்ப்பு எளிதில் போகாது. 11-ஆம் நூற்றாண்டில் வங்கத்துச் சக்கரபாணிதத்தர் அதனைப் பாலிலிட்டுக் காய்ச்சும் முறையை விதித்தார். இடித்த பட்டை ஒரு பங்கிற்கு 8 பங்கு பாலும் 32 பங்கு ஜலமும் கூட்டி, ஜலமெல்லாம் வற்றிப் பால் மாத்திரம் மிஞ்சும் வரையில் சிறுதீயில் வைத்து இறக்கி வடிப்பதே பாற்கஷாயத்தின் பொது விதி.

இத்தகைய முறைகள் பலவும் தகப்பனிடமிருந்து மகனுக்கு ஏட்டுச்சுவடியாகக் கைமாறிய குடும்ப ரகசியங்களாகவே இருந்தன. ரகசியம் வைத்தியத்திற்குச் சத்துரு என்பது என் உறுதியான எண்ணம். இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்னும் வைத்தியர், கிராமத்து மூதாட்டி ஒருத்தி மறைத்து வைத்திருந்த மூலிகைக் கூட்டில் டிஜிட்டாலிஸ் செடியே வீரியமுடையது எனக் கண்டு, பத்தாண்டுக் காலம் நோயாளிகளிடம் அளவறிந்து பரீட்சித்து, பலித்தவற்றோடு பலியாதவற்றையும் 1785-இல் நூலாக வெளியிட்டார். அளவு மிஞ்சினால் உயிரையே மாய்க்கும் அச்செடி, அதனாலன்றோ உலகெங்கும் இருதய மருந்தாயிற்று!

நம் நாட்டில் அவ்வுள்ளம் வாய்த்தவர் 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர். மன்னார்குடிக்கு மேற்கே ஒரத்தநாட்டில் அவர் நிறுவிய முக்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்கு அன்னத்தோடு சிகிச்சையும் கிடைத்தது. அரண்மனையைச் சார்ந்த தன்வந்திரி மகாலிலோ, சித்தம், ஆயுர்வேதம், யூனானி, ஆங்கில வைத்தியம் ஆகிய நான்கிலும் வல்லவர்கள் கூடி மருந்துகளை ஆராய்ந்தனர். கண்ணோயாளிகளைப் பற்றி அக்காலத்தில் எழுதி வைத்த குறிப்புகள், நோயுற்ற கண்ணின் வர்ணச் சித்திரங்களோடு இன்றும் காணக் கிடைக்கின்றன. நோயாளியின் கண்ணை அவ்வளவு சிரத்தையோடு தீட்டிய கை எதுவாயினும் வணங்கத் தக்கதே. அனுபவத்தில் தேறிய முறைகளை மன்னர் புலவர்களைக் கொண்டு தமிழ்ச் செய்யுளாக்கினார். பின்னாளில் சரஸ்வதி மகால் நூல்நிலையம் அவற்றை நோய்வாரியாகப் பகுத்துச் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் அச்சிட்டது. அதுமுதல் ஏட்டுரிமை இல்லாத எவரும் அவற்றை வாங்கிப் படிக்கலாயினர்.