பாத்திரம் அறிதல்

'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்பது நம் பாட்டிமார் சொல்லிவைத்த பழமொழி. சொல்லுவதற்கு மூன்றே வார்த்தைகள்தான். ஆனால் பாத்திரத்தை எப்படி அறிவது என்பதை எந்தப் பாட்டியும் சொல்லி வைக்கவில்லை. வாசலில் நிற்கிறவனுடைய முகத்தைப் பார்த்து அறிவதா? உடம்பைப் பார்த்து அறிவதா? 'கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, உழைத்துச் சாப்பிட்டால் என்ன?' என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறோமே, அந்த ஒரு நிமிஷத்தில் பாத்திரத்தை அறிந்துவிட்டோமா?

இன்று நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் சமூகப் பணி என்ற பெயரில் இளங்கலைப் பட்டப் படிப்பு ஒன்று இருக்கிறது. பி.எஸ்.டபிள்யூ. என்று சுருக்கமாகச் சொல்லுவார்கள். சமூக சாஸ்திரம், மனோதத்துவம், பொருளாதாரம், சட்டம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, அவற்றை ஒரு மனிதனுடைய வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ப் பிரயோகம் செய்யக் கற்றுத் தரும் படிப்பு. பையனோ பெண்ணோ இதில் சேரப் போகிறேன் என்றால் வீட்டில் உடனே ஒரு கேள்வி பிறக்கும். "ஏழைக்கு உதவி செய்ய ஒரு பட்டமா? அதற்கு மனசு இருந்தால் போதாதா?"

நியாயமான கேள்விதான். இந்தப் படிப்பு தோன்றிய சரித்திரத்தைப் பார்த்தால், 'மனசு மட்டும் போதாது' என்று முதலில் கண்டுகொண்டவர்கள் மனசு நிறைய உள்ளவர்கள்தான் என்பது விளங்கும்.

கதை லண்டனில் தொடங்குகிறது. 1869-ம் ஆண்டில் அங்கே தர்ம ஸ்தாபனங்களை ஒழுங்குபடுத்துவதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. அந்த நகரத்தில் தர்மம் செய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. இந்தக் கோயிலில் ரொட்டி, அந்தச் சங்கத்தில் நிலக்கரி, இன்னொரு சீமாட்டியிடம் போர்வை என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புதிய சங்கத்தார் இதற்கு ஒரு கணக்கு வைக்க நினைத்தார்கள். உதவி கேட்டவனுடைய வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரித்தார்கள். வருமானம் என்ன, குடி உண்டா, பிள்ளைகள் எத்தனை என்று எழுதி வைத்தார்கள். முடிவில் 'தகுதி உள்ள ஏழை', 'தகுதி இல்லாத ஏழை' என்று இரண்டாகப் பிரித்தார்கள். நம் பாட்டியின் பழமொழி அங்கே ஓர் ஆபீசாகவே மாறிவிட்டது.

அவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் வீடு தேடிச் சென்று விசாரிப்பது, விசாரித்ததை எழுதி வைப்பது என்ற இரண்டு பழக்கங்களையும் இந்தப் படிப்புக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்தாம். பிழை அவர்கள் கேட்ட கேள்வியில் இருந்தது. 'இவன் யோக்கியனா?' என்று கேட்டார்கள். 'இவன் ஏன் ஏழையாக இருக்கிறான்?' என்று கேட்கவில்லை.

அந்த இரண்டாவது கேள்வி மெதுவாகத்தான் பிறந்தது. 1884-ல் லண்டனின் கிழக்குப் பகுதியான வொயிட்சேப்பலில் சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்ரியட்டாவும் டாயின்பி ஹால் என்ற மனையை அமைத்தார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளில் படித்த இளைஞர்கள் அங்கே வந்து தங்கி ஏழைகளுக்கு அண்டை வீட்டுக்காரர்களாக வாழவேண்டும் என்பது ஏற்பாடு. தூரத்திலிருந்து பார்க்கும்போது 'சோம்பேறி' என்று தோன்றுகிறவன், அண்டை வீட்டிலிருந்து பார்த்தால் விடியற்காலையில் துறைமுக வாசலில் வேலைக்குக் காத்து நின்று, வேலை கிடைக்காமல் திரும்புகிறவனாக இருப்பான் அல்லவா?

அண்டை வீட்டில் இருந்து பார்த்ததைக் கணக்குப் போட்டும் பார்த்தார்கள். கப்பல் வியாபாரியான சார்லஸ் பூத், 1886-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் லண்டனைத் தெருத் தெருவாக ஆராய்ந்தார். தெருக்களின் வறுமைக்குத் தக்கபடி வர்ணம் தீட்டி ஒரு படமே போட்டார். லண்டன் ஜனங்களில் நூற்றுக்கு 30.7 பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. யார்க் நகரத்தில் சீபோம் ரவுண்ட்ரீ செய்த ஆராய்ச்சி 1901-ல் வெளிவந்தது. வயிற்றுக்கே போதாத வருமானத்தில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்! குடும்பத் தலைவன் வேலைக்குப் போகிறான். கிடைக்கும் கூலிதான் போதவில்லை. 'உழைத்துச் சாப்பிட்டால் என்ன?' என்ற கேள்வி அன்றோடு செத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் முறையாகக் கற்றுக் கொடுக்கப் பள்ளிக்கூடம் வேண்டும் என்ற எண்ணம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பல நாடுகளில் எழுந்தது. 1897-ல் மேரி ரிச்மண்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி இதற்காகக் குரல் எழுப்பினார். தாய் தந்தையரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடை வகுப்பு ஒன்று நடந்தது. 1899-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பள்ளியும், பெர்லினில் பெண்களுக்கு ஒரு வருஷப் பயிற்சியும் ஆரம்பமாயின. 1903-ல் லண்டன் தர்ம சங்கத்தாரே ஒரு பள்ளி திறந்தார்கள். அது 1912-ல் லண்டன் பொருளாதாரக் கல்லூரியோடு இணைந்து சமூக விஞ்ஞானப் பகுதி ஆயிற்று.

இங்கேதான் நம் நாட்டார் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி வருகிறது. அதே 1912-ல் லண்டன் கல்லூரியில் வறுமையின் காரணங்களை ஆராய்வதற்கு ஆண்டுக்கு 1,400 பவுன் கொடுக்க முன்வந்தவர் ஓர் இந்தியர். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் இளைய குமாரர் ஸர் ரத்தன் டாட்டா. ஆங்கிலேயர்கள் நம்மை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. ஆளுகிறவர்களின் தலைநகரத்தில் வறுமை ஏன் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஆளப்படுகிற நாட்டிலிருந்து பணம் போயிற்று!

அந்தப் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக்குத் தலைவராக வந்தவர் ஆர். ஹெச். டானி. அவர் முதலில் ஆராய்ந்தது என்ன தெரியுமா? இரும்புச் சங்கிலி செய்யும் தொழில். கிராட்லி ஹீத் என்ற ஊரில் பெண்கள் வீட்டுக் கொல்லையிலே உலை வைத்துச் சங்கிலி அடித்தார்கள். சட்டப்படி தீர்மானமான குறைந்தபட்சக் கூலியைக் கேட்டு 1910-ல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். அந்தக் கூலி உயர்வால் தொழில் கெட்டதா, குடும்பம் பிழைத்ததா என்பதை ஆராய்ந்து டானி 1914-ல் புத்தகம் வெளியிட்டார். ஒருத்தியின் யோக்கியதையை விசாரிக்கத் தொடங்கிய படிப்பு, அவளுடைய கூலியை விசாரிக்கும் படிப்பாக மாறியது இப்படித்தான்.

அந்தப் பகுதியில் 1912-ல் உபாத்தியாயராகச் சேர்ந்தவர்களில் ஒருவர் கிளமெண்ட் அட்லி. அதற்கு முன் பல ஆண்டுகள் ஸ்டெப்னி என்ற ஏழைப் பகுதியில் பையன்களின் சங்கம் ஒன்றை நடத்தியவர். 1945-ல் அவர் பிரதம மந்திரியானார். 1948 ஜூலை 5-ந் தேதி பிரிட்டனில் எல்லாருக்கும் இலவச வைத்தியம் என்ற திட்டம் அவருடைய ஆட்சியில்தான் அமுலுக்கு வந்தது. களத்தில் கற்ற பாடம் சட்டமாக வர ஒரு தலைமுறை பிடித்தது.

படிப்பு வளர்ந்தது, சந்தேகமும் கூடவே வளர்ந்தது. அமெரிக்காவின் வைத்தியக் கல்லூரிகளைப் பரிசீலித்துப் பெயர் பெற்ற ஆப்ரஹாம் பிளெக்ஸ்னர், 1915-ல் சமூக ஊழியர்களின் மகாநாட்டிலேயே எழுந்து, 'உங்கள் வேலை இன்னும் ஒரு தனித் தொழிலாகவில்லை' என்ற கருத்தைச் சொன்னார். நோயாளியை வைத்தியரிடமும் வழக்குள்ளவனை வக்கீலிடமும் கொண்டுபோய் விடுகிறீர்கள், உங்களுக்கென்று சொந்தமாக என்ன வித்தை இருக்கிறது என்பது அவருடைய கேள்வியின் சாரம். கேட்டவர்களுக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு வருஷம் கழித்து மேரி ரிச்மண்ட் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் கஷ்டத்தை எப்படி விசாரிப்பது, யார் யாரைக் கேட்பது, கேட்டதில் எதை நம்புவது என்பதை வைத்திய சாஸ்திரம் போல வகுத்துச் சொன்னார். பாத்திரத்தை அறிய முறை ஒன்று ஏற்பட்டுவிட்டது.

முறை ஏற்பட்டுவிட்டால் போதுமா? போதாது என்பதற்குப் பெர்லின் சாட்சி.

அங்கே 1908-ல் பெண்களுக்கான சமூகப் பணிப் பள்ளியை நிறுவியவர் ஆலிஸ் ஸாலமன். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் வேறு வேறு கூலி என்பதை ஆராய்ந்து 1906-ல் டாக்டர் பட்டம் பெற்றவர். அவரது பள்ளி பல நாட்டாருக்கும் முன்மாதிரியாக விளங்கியது. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்ற காரணத்தால் அவர் தம் பதவிகளை இழந்தார். 1937-ல் ரகசியப் போலீசார் அவரை நாட்டைவிட்டே வெளியேற்றினார்கள். 1948-ல் நியூயார்க்கில் அவர் காலமானார்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அதே 1933-ல் ஜெர்மனியில் பரம்பரை நோய்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன் கீழ் சுமார் 4 லட்சம் பேருக்குப் பலவந்தமாகக் கருத்தடை செய்யப்பட்டது. ஆட்களைப் பொறுக்கி எடுக்க எது உதவியது? சமூக ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, நம்பிக்கையோடு சொல்லப்பட்டதைக் கேட்டு எழுதி வைத்த குறிப்புகளும் உதவின. 'குடிகாரத் தகப்பன்', 'மந்த புத்திப் பிள்ளை' என்று ஒரு காலத்தில் உதவி செய்வதற்காக எழுதிய வார்த்தைகள், பிறகு தண்டனை விதிக்கும் வார்த்தைகள் ஆயின. பயிற்சி பெற்ற கைகளே அந்தக் காகிதங்களை எடுத்துக் கொடுத்தன. மனசு மட்டும் போதாது என்று தொடங்கிய சரித்திரம், முறை மட்டும் போதாது என்பதை இவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

நம் நாட்டுக்கு இந்தப் படிப்பு வந்தது 1936-ல். பம்பாயில் நாகபாடா என்ற தொழிலாளர் பகுதியில் அண்டை வீட்டு மனை ஒன்றை நடத்திவந்த அமெரிக்கப் பாதிரியார் கிளிஃபர்ட் மான்ஷார்ட் முதல் தலைவராக இருக்க, ரத்தன் டாட்டாவின் அண்ணனான ஸர் தோராப்ஜி டாட்டாவின் பெயரால் ஒரு பள்ளி தோன்றியது. முதலில் சேர்ந்தவர்கள் 20 மாணவர்கள். தம்பியின் பணம் லண்டனுக்குப் போயிற்று. அண்ணனின் பணம் பம்பாயிலேயே பயன்பட்டது. 1941-ல் அதன் தலைமையை ஏற்ற டாக்டர் ஜே. எம். குமரப்பா, தஞ்சாவூரில் பிறந்த காந்தீயப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் சகோதரர். தேசப் பிரிவினையின்போது அந்தப் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் குருக்ஷேத்திர அகதி முகாமில் பணியாற்றினார்கள். பாரத யுத்தம் நடந்ததாகச் சொல்லும் அந்த மண்ணில், புத்தகத்தில் படித்ததற்கெல்லாம் பரீட்சை நடந்தது. சென்னையில் 1952-ல் திருமதி மேரி கிளப்வாலா ஜாதவ் சமூகப் பணிப் பள்ளியை நிறுவினார். பம்பாய்ப் பள்ளி பட்டதாரிகளுக்காக ஏற்பட்டது. பள்ளிப் படிப்பு முடித்தவுடனே சேரக்கூடிய இளங்கலைப் பட்டம் பிறகு வந்தது.

இந்தப் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் மற்ற மாணவர்களைப் போல வகுப்பில் மட்டும் உட்கார்ந்திருக்க முடியாது. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி என்பது பல கல்லூரிகளில் வழக்கம். ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், முதியோர் இல்லத்தில், குடிசைப் பகுதியில் என்று எங்கேயாவது போகவேண்டும். போய் வந்ததை எழுதவேண்டும். எழுதியதை ஆசிரியர் படித்துப் பார்த்து, 'அந்த அம்மாள் இப்படிச் சொன்னாள் என்று எழுதியிருக்கிறாயே, அவள் சொன்னதா, நீ நினைத்ததா?' என்று கேட்பார். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்திக்கு இந்தக் கேள்வி எவ்வளவு பெரிய பாடம்! நம்மில் பலர் அறுபது வயதுவரை அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதே இல்லை.

'அப்படியானால் பட்டம் இல்லாதவருக்கு இது வராதா?' என்று கேட்கலாம். வரும். ரிச்சர்ட் டிட்மஸ் என்பவர் சிறு வயதிலேயே பள்ளியை விட்டு, இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். சர்வகலாசாலைப் பட்டம் எதுவும் பெறாதவர். அப்படிப்பட்டவரை லண்டன் பொருளாதாரக் கல்லூரி 1950-ல் சமூக நிர்வாகத்துக்கு முதல் பேராசிரியராக நியமித்தது. சாவையும் நோயையும் பற்றிய புள்ளிகளில் வர்க்க பேதத்தைப் படித்தறிந்தவர் அவர். ஆனால் எல்லாக் குமாஸ்தாக்களும் டிட்மஸ் ஆகிவிடுவதில்லை. மகான்களுக்காகப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களுக்காகத்தான் வேண்டியிருக்கிறது.

ஆகவே பையனோ பெண்ணோ இந்தப் படிப்புக்குப் போகிறேன் என்றால், பெற்றவர்கள் உத்தியோகத்தைப் பற்றிக் கேட்கட்டும், சம்பளத்தைப் பற்றிக் கேட்கட்டும். அவை கேட்க வேண்டியவைதான். 'இதற்கு ஒரு படிப்பா?' என்று மட்டும் கேட்க வேண்டாம். பாத்திரம் காலியாக இருப்பது வாசலில் நிற்கிறவனுக்கே தெரியும். அது எப்படிக் காலியாயிற்று, காலியாக்கினவர் யார் என்று விசாரிக்கவும், விசாரித்ததை அவனுக்கு எதிராக யாரும் பயன்படுத்தாமல் காக்கவும் ஒருவர் கற்றுக்கொள்ள மூன்று வருஷம் அதிகமில்லை.