ஆப்பிளைத் துளைத்த குண்டு

தர்பூசணியையும் வாணலியையும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியையும் வரிசையாக நிறுத்தித் துப்பாக்கியால் சுட்டு, அவை சிதறும் விதத்தை மிக மெதுவாக ஓடவிட்டுக் காட்டும் வீடியோக்களை இன்று உலகெங்கும் விநோதமென்று பார்த்து மகிழ்கிறார்கள். அந்த விநோதம் பிறந்த இடம் விஞ்ஞானிகளின் இருட்டறை.

1886-ஆம் ஆண்டில், பிராக் நகரத்துப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் மாக் கூறிய யோசனையின்படி, ஏட்ரியாட்டிக் கடலோரத்து ஃபியூமே நகரில் பீட்டர் சால்ஷர் என்பவர், பாய்ந்து வரும் குண்டே மின்பொறியை மூட்டித் தன் பிம்பத்தைத் தானே பதித்துவிட்டுப் போகும்படி ஒரு சாதனத்தை அமைத்தார். படகின் முகப்பிலிருந்து நீரில் அலை விரிவது போல, குண்டின் முனையிலிருந்து காற்றில் அலை விரிந்திருப்பதை அந்தப் படம் காட்டிற்று. (விமானங்களின் வேகத்தைக் குறிக்க இன்று வழங்கும் ‘மாக்’ என்ற சொல் இவர் பெயரேயாகும்.) 1892-இல் இங்கிலாந்தின் சார்லஸ் வெர்னன் பாய்ஸ், கண்ணாடித் தகட்டைத் துளைத்துச் செல்லும் குண்டையே படமாக்கிக் காட்டினார்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்விக் கழகத்தின் பேராசிரியர் ஹரால்ட் எட்ஜர்டன் செய்ததோ இவற்றினும் அற்புதம். இருட்டறையில் காமிராவைத் திறந்து வைத்து, வெடியோசை ஒலிவாங்கியை எட்டியவுடன், ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறிட்டால் அதில் ஒரு கூற்றினும் குறைந்த நேரமே மின்னி மறையும் விளக்கை எரியவிட்டு, 1964-இல் அவர் ஓர் ஆப்பிளைச் சுட்டுப் படமெடுத்தார். குண்டு வெளியேறும் பக்கம் சிதறுவதை யாரும் ஊகித்திருக்கலாம். நுழைந்த பக்கத்திலும் சதை அதே உக்கிரத்தோடு பீறிட்டிருந்ததைக் கண்ணால் கண்ட பிறகுதான் நம்ப முடிந்தது. ஒரு கேள்விக்கு விடை காணவே அந்தப் பழம் அழிந்தது என்பதால், அந்தப் பரிசோதனையை நான் மதிக்கிறேன்.

இன்றைய வீடியோக்களிலும் அத்தகைய கேள்வியோடு சுடுகிறவர்கள் உண்டு. எனினும், குண்டின் எடை, வேகம், தூரம் ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் முடிவு மாறிவிடுமாதலால், ஒரு பொருள் ஒரு முறை தாங்கியது என்பது மறுமுறையும் தாங்கும் என்பதற்குப் பிரமாணமாகாது. 2017-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், தடித்த புத்தகம் குண்டைத் தடுத்துவிடும் என்று நம்பி, அதை மார்பின் மீது பிடித்துக்கொண்டு வீடியோவுக்காகத் தன்னைச் சுடச் சொன்ன இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். பிள்ளைகளோடு அமர்ந்து இவற்றைப் பார்க்கும் பெற்றோர், இந்தச் செய்தியையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டுகிறேன்.