கறை காட்டிய காப்பு

1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கிய பல் மருத்துவர் பிரெடெரிக் மெக்கே, அங்கேயே பிறந்து வளர்ந்தோர் பலரின் பற்களில், எவ்வளவு தேய்த்தாலும் போகாத பழுப்புக் கறையைக் கண்டார். அப்பற்கள் எளிதில் சொத்தையாகாததும் பின்னர் அவர் கவனத்துக்கு வந்தது. கறைக்குக் காரணம் குடிநீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடு என்னும் உப்பே என்பது 1931இல் தெளிவாயிற்று. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்க, அவ்வமிலம் பல்லின் கடினமான மேலுறையாகிய எனாமலை அரிப்பதே சொத்தை. ஃபுளோரைடு அவ்வரிப்பைத் தடுக்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் இருந்தால் கறை பெரிதும் தோன்றாமலே சொத்தை குறையும் என ஆய்வாளர் ட்ரெண்ட்லி டீன் காட்டியதன் அடிப்படையில், 1945இல் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராப்பிட்ஸ், குடிநீரில் ஃபுளோரைடு சேர்த்த உலகின் முதல் நகரமாயிற்று. நிலத்தடி நீரிலேயே அது மிகுந்துள்ள தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளுக்கோ ஒகேனக்கல் காவிரி நீரைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆகவே பல்லைக் காப்பதும் கெடுப்பதும் அளவே.