பாயிண்ட் 22 ரைஃபிளுக்கு எந்த எடைக் குண்டு?

பாயிண்ட் 22 தோட்டாப் பெட்டியில் கிரெயின் என்று அச்சிட்டிருப்பது குண்டின் எடை. ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். வழக்கமான 40 கிரெயின் குண்டு 2.6 கிராம்தான்.

குறி சுடுதலுக்கு அதுவே போதும். 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். வேகமான குண்டுதான் நேராகப் போகும் என்று பலர் நினைப்பதுண்டு. இந்த ரகத்தில் நடப்பது நேர்மாறு. ஒலியைவிட வேகமாகப் புறப்படும் குண்டைக் காற்று அதிகம் ஒதுக்கும். வேகம் குறைந்து ஒலி வேகத்தைக் கடக்கும்போது தடுமாறவும் செய்யும். அதனால் போட்டியாளர்கள் ஒலி வேகத்துக்குச் சற்றுக் கீழே செல்லும் தோட்டாவையே நாடுகின்றனர்.

முயல், அணில் வேட்டைக்கு 36 முதல் 40 கிரெயின் வரையிலான, முனை குழிந்த குண்டு ஏற்றது. பட்டதும் விரிந்து பிராணியை உடனே வீழ்த்தும். காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து சாக விடாது. 30 கிரெயின் குண்டு சீறிப் பாயும், ஆனால் தூரம் கூடக்கூட வலுவிழக்கும். காட்டுப்பன்றிக்கு இந்த ரைஃபிளே ஆகாது.

60 கிரெயின் குண்டை வாங்குமுன் குழலைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான குழல்களில் உள்வரி 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீண்ட குண்டுக்கு அந்தச் சுழற்சி போதாது. காகிதத்தில் நீள்வாக்கில் துளை விழுந்தால், குண்டு புரண்டு போகிறது என்று பொருள்.

ஒரே எடையிலும் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு தோட்டா பொருந்தும். இரண்டு மூன்று வகையில் ஐந்தைந்து சுட்டு, துளைகள் நெருங்கி விழுவதைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த எடையானாலும் குண்டு ஒரு மைலுக்கு மேல் போகக்கூடும்; பின்னால் மண்மேடு வேண்டும்.

மலேசியாவில் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அனுமதி தேவை.