மீன்களில் ஹார்மோன் ஃபெரோமோன்கள்

ஒரு மீனின் உடலிலிருந்து நீரில் கலந்து, அதே இனத்தின் இன்னொரு மீனில் இனப்பெருக்க ஹார்மோன்களின் சுரப்பை மாற்றும் வேதிப்பொருள்கள். இவற்றுள் பல இதற்கென்றே சுரப்பவை அல்ல. உடலுக்குள் ஹார்மோனாக வேலை பார்த்த பொருளோ அதன் சிதைவோ செவுள் வழியாகவும் சிறுநீர் வழியாகவும் வெளியேறுகிறது. அதை மற்றொரு மீன் மோப்பம் பிடித்துக்கொள்கிறது.

முன்வரலாறு: ‘ஃபெரோமோன்’ என்ற சொல்லைப் பீட்டர் கார்ல்சனும் மார்ட்டின் லூஷரும் 1959-இல் உருவாக்கினர். மீன்களைப் பற்றிய கவனிப்பு அதற்கும் முந்தியது. தேனீ ஆய்வால் புகழ்பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ், காயம்பட்ட மீனின் தோலிலிருந்து கசியும் அச்சப்பொருளை 1938-இல் விவரித்தார். அதற்கும் இனப்பெருக்கத்துக்கும் தொடர்பில்லை. சினைப்பட்ட உளுவை மீனின் சூலகத் திரவத்தை நீரில் கலந்தாலே, பெண் மீன் இல்லாமலும் ஆண் காதலாட்டம் தொடங்குவதை 1956-இல் டவோல்கா காட்டினார். வரிக்குதிரை மீனில் ஆணின் வாசனை பெண்ணின் முட்டை வெளிப்பாட்டைத் தூண்டுவதாக 1975-இல் ஓர் ஆய்வு வெளியானது.

தங்கமீன் ஆய்வுகள்: இத்துறையில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பங்கு இந்த ஒரே மீனைப் பற்றியது. கண்ணாடித் தொட்டியில் வளரும், ஊசி தாங்கும், ஆணின் செவுள்மூடியில் தோன்றும் வெண்முத்துப் புள்ளிகளால் பருவம் வெளியே தெரியும். இந்த வசதிகளும் அதற்குக் காரணமாக இருக்கலாம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் ஸ்டேசி, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் சோரன்சன் ஆகியோரின் பெயர்கள் இதில் திரும்பத் திரும்ப வருகின்றன.

நீர் வெதுவெதுப்பாகி, மிதக்கும் செடிகளும் கிடைத்தால், முதிர்ந்த பெண் மீனின் பிட்யூட்டரியிலிருந்து எல்.எச். என்னும் ஹார்மோன் பிற்பகலில் பெருகத் தொடங்குகிறது. அதன் விளைவாகச் சூலகம் 17,20-பீட்டா-பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஸ்டீராய்டைச் சுரக்கிறது. முட்டையை முதிரச் செய்வது இதன் உள்வேலை. இரவு முழுவதும் இது நீரிலும் கசிகிறது. அருகிலுள்ள ஆண் அதை மோந்ததும் அதன் எல்.எச். சிறிது நேரத்திலேயே ஏறுகிறது. விடிவதற்குள் விந்தின் அளவு கூடிவிடுகிறது. பெண் முட்டையிடுவதோ விடியற்காலையில்தான். ஆண் ஆயத்தமாகத் தேவைப்படும் அவகாசத்தை அந்த இரவு சரியாகத் தருகிறது.

பெண்ணோடு இருக்கும் ஆணிடம் இத்தகைய ஹார்மோன் எழுச்சி உண்டாவதை டோக்கியோவில் கோபயாஷி குழுவினர் 1986-இல் பதிவு செய்தனர். அதற்குக் காரணமான ஸ்டீராய்டை அடையாளம் கண்ட டுல்கா, ஸ்டேசி, சோரன்சன், வான் டெர் கிராக் ஆகியோரின் கட்டுரை 1987-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. தங்கமீனின் மூக்கு உணரும் செறிவு வியப்பளிப்பது: ஒரு டி.எம்.சி. நீரில் ஏறத்தாழ 1 கிராம் கரைந்திருந்தால் போதும்.

முட்டை வெளிப்பட்டதும் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. இப்போது வெளியேறுபவை புரோஸ்டாகிளாண்டின்கள். 1988-இல் இவையும் ஃபெரோமோன்கள் எனக் காட்டப்பட்டன. இவை ஆணைத் துரத்தத் தூண்டுகின்றன. புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்ட பெண், வயிற்றில் இடுவதற்கு முட்டையே இல்லாதபோதும், செடிகளுக்குள் புகுந்து முட்டையிடும் அசைவுகளைச் செய்கிறது. ஆண்களும் நம்பிப் பின்தொடர்கின்றன.

ஆணின் பிட்யூட்டரியில் எல்.எச். சுரப்பை டோபமின் வழக்கமாகத் தடுத்து வைத்திருக்கிறது. ஃபெரோமோன் அந்தத் தடையைத் தளர்த்துவதாகக் கருதப்படுகிறது. இந்திய மீன்குஞ்சுப் பொரிப்பகங்களில் கெண்டைகளுக்குப் போடும் ஓவாப்ரிம் ஊசியும் இதே தடையைத்தான் குறிவைக்கிறது. அதிலுள்ள டாம்பெரிடோன் டோபமினை மறிக்கிறது.

கருத்து வேறுபாடு: இதைச் ‘செய்தித் தொடர்பு’ எனலாமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பெண் எதையும் அறிவிக்கவில்லை, தவிர்க்க முடியாமல் கசிவதை ஆண் ஒட்டுக்கேட்கிறது என்பது ஒரு விளக்கம். ஸ்டேசியும் சோரன்சனும் இதை ‘உளவு’ நிலை என்கின்றனர். முட்டையிடத் தயாரான பெண், செடிகளுக்கிடையே அடிக்கடி சிறுநீர் விடுவதாக 2007-இல் வந்த ஆய்வு, புரோஸ்டாகிளாண்டினைப் பொறுத்தவரை அது அறிவிப்பாகவே இருக்கலாம் என்ற பக்கம் சாய்கிறது. ஸ்டீராய்டைப் பொறுத்தவரை முதல் விளக்கத்துக்கே ஆதரவு அதிகம்.

பிற மீன்கள்: அட்லாண்டிக் சால்மனில், முட்டை முதிர்ந்த பெண்ணின் சிறுநீர் இளம் ஆண்களின் ஹார்மோன்களை உயர்த்துகிறது. டயசினான் பூச்சிக்கொல்லி மிகக் குறைந்த அளவில் கலந்தாலும் இந்த உணர்வு மழுங்குவதாக 1996-இல் மூர், வேரிங் ஆகியோர் பிரிட்டனில் கண்டறிந்தனர். ஆப்பிரிக்கக் கெளுத்தியில் ஆணின் விந்துப்பைச் சுரப்பு பெண்ணைக் கவர்கிறது.

தமிழகத்தில் ஜிலேபி மீன் எனப்படும் மொசாம்பிக் திலாப்பியாவில் செய்தி ஆணிடமிருந்து பெண்ணுக்குப் போகிறது. ஆதிக்க ஆண் சிறுநீரைத் தேக்கி வைத்துச் சிறிது சிறிதாக விடுகிறது. பெண்ணைக் கண்டால் அடிக்கடி விடுகிறது. அதிலுள்ள ஸ்டீராய்டு குளுக்குரோனைடுகள் பெண்ணில் 17,20-பீட்டா-பி சுரப்பைக் கூட்டுவதாகப் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 2014-இல் அறிவித்தனர். வரிக்குதிரை மீனின் மூக்கில் புரோஸ்டாகிளாண்டினை உணரும் ஏற்பி 2016-இல் ஜப்பானில் இனங்காணப்பட்டது.